கூட்டு யார்?

அப்பா,

உங்கள் சிகிச்சை மையத்திலிருந்து கவுன்சிலர் அக்கா நேற்று போன் செய்தார். குடியை விடுவதற்கு உங்களுக்கு எவ்வளவு துணை இருக்கிறது என்று அளக்கும் மலையாளத் தாளில் மூன்று பெயர்கள் எழுதியிருக்கிறீர்களாம். சுடலை மாமா, லாசர் மாமா, பெனடிக்ட் அண்ணன். என் பெயர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உங்களை அழைத்துவர அந்தத் தாளில் இருப்பவர்களுக்குத்தான் சொல்லியிருக்கிறார்களாம்.

"நிங்ஙள்க்கு கூட்டு ஆராணு?" என்பது கேள்வி. மலையாளத்தில் அதற்குத் துணை யார் என்று அர்த்தம். நீங்களோ பாட்டிலுக்குக் கூட்டுச் சேர்பவர்களை எழுதிவிட்டீர்கள். அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு உங்கள் வாந்தியை அள்ளியது நான். துணை என்றதும் என் முகம் ஏன் நினைவுக்கு வரவில்லை?

இன்று காலை சுடலை மாமா நம் எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் நின்று, "ஏ புள்ள, ஒங்கப்பன் எங்க பேரத்தான எழுதிருக்கான்! ஞாயித்துக்கெழம நாங்கதான் போயி கூட்டியாரணும்" என்றார். அப்போதே சாராய வாடை. வழக்கம்போல நான் வாய் திறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மூன்று பெயர்களையும் அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். எழுதினால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவேன். எழுதாவிட்டால் அவர்கள் வீட்டுக்கே போய்விடுங்கள். நான் கதவைத் திறக்க மாட்டேன்.

உங்கள் மகள்