லாவெண்டரைப் பாத்துக்கோன்னு நீ சொன்னது

மச்சான்,

கம்பெனியில் தரை துடைக்கப் புதிதாக ஒரு லிக்விட் வாங்கியிருக்கிறார்கள். கேன் மேல் ஊதாப் பூ, கீழே 'லாவெண்டர்' என்று எழுத்து. நீ இருந்திருந்தால் துடைக்கிற அக்காவை நிறுத்தி, "இது வெறும் ஃபினாயிலு அக்கா" என்று பத்து நிமிஷம் கிளாஸ் எடுத்திருப்பாய். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அந்த வாசனையில் எனக்கு வந்தது கோபம். உன் மேல்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே ஷெட்டில் மெஷின் ஓட்டியவர்கள் நாம். அண்ணனூரில் உன் வீட்டு மொட்டை மாடியில் லாவெண்டர் வளர்க்கப்போகிறேன் என்று நீ சொன்ன அன்றே, முடியாது என்றேன். சாதா வகைதான் தாங்காது, ஹைப்ரிட் நம்ம வெயிலுக்கு நிற்கும் என்றாய். உன் பிறந்தநாளுக்கு 'ஹைப்ரிட் லாவெண்டர் விதை' என்று ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தேன். முளைத்தது குப்பைமேனி.

"இன்னா மாமே, டிப்ளமா படிச்சவன்தானே நீ? ஹைப்ரிட்டு கோவேறு கழுதை மாரி. அதுக்கு ஏது வெதை? குச்சி வெட்டி நட்டாத்தான் உண்டு."

இது தெரிந்தவன் நான் வாங்குவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டாய். எதையும் முழுசாகச் சொல்கிற பழக்கமே உனக்குக் கிடையாது.

நசரத்பேட்டை பக்கம் ஒரு நர்சரியில், பூத்து நின்றதையெல்லாம் விட்டுவிட்டு, இருப்பதிலேயே நோஞ்சான் செடியைத் தூக்கினாய். பையைப் பிரித்து வேரைக் காட்டினாய். அழுகாமல் வெள்ளையாக இருந்தது. தொட்டியில் பாதி மணல், பாதி ஜல்லிப் பொடி, ஒரு கைப்பிடி சுண்ணாம்பு போட்டு நட்டாய். ஐப்பசி மழைக்குத் தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே இழுத்தாய். பூத்தது. ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் அந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏறும்போது உன் அம்மாவிடம் சொன்னது ஒரே வரி: "செடியப் பாத்துக்கோம்மா." நீ திரும்பி வரவில்லை.

பாத்துக்கோ! எந்த வீட்டிலும் அதற்கு ஒரே அர்த்தம், தண்ணீர் ஊற்று. முட்டிவலியோடு உன் அம்மா காலையும் மாலையும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறி ஊற்றியிருக்கிறார்கள், அரிசி களைந்த தண்ணீர் வேறு. இரண்டு மாதம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது அடித்தண்டு கறுத்திருந்தது. விரலை விட்டால் சேறு.

"புள்ள சொல்லிட்டுப் போனான் நைனா. ஒருநாள்கூட உடல நானு."

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "நீங்க ஊத்தறதுலதாம்மா அழுகுது" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தார்கள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்கள்.

"அப்ப பாத்துக்கறதுன்னா இன்னாதான் பண்ணணும்?"

நீ சொல்லியிருக்க வேண்டிய பதில். நான் சொன்னேன். "மண்ணுல வெரல வெச்சுப் பாருங்க. நல்லா காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க."

கறுக்காத கிளைகளில் ஏழு குச்சி வெட்டி மணலில் நட்டேன். ஐந்து அழுகின. தாய்ச்செடியும் போய்விட்டது. மிச்சம் இரண்டு வேர் பிடித்து, இப்போது விரல் உயரம் நிற்கின்றன. விதை கிடையாது என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இவையும் போனால் உன் செடி அவ்வளவுதான்.

இப்போது தினமும் பத்து மணி டீ பிரேக்கில் போன் வருகிறது.

"வெரல வெச்சேன் நைனா. ஜில்லுனு கீது. ஊத்தட்டா?"

"வாணாம்மா."

"நேத்தும் ஊத்தல."

"தெரியும்மா. இன்னிக்கும் வாணாம்."

"அப்ப நான் கீழ எறங்கிடட்டா?"

மெஷினை ஆன் செய்யச் சொல்லி சூப்பர்வைசர் கத்துவார். "கொஞ்ச நேரம் அதுங்ககூட ஒக்காந்துட்டு எறங்குங்கம்மா" என்கிறேன். சரி என்கிறார்கள். ஆனால் போனை வைப்பதில்லை. மாடியில் காற்றடிக்கும் சத்தம் கேட்கிறது. நானும் வைப்பதில்லை.