ஊர்க் கூட்டத்தில் நைனாவின் பெயர்

தம்பிக்கு,

டாக்டர்கள் நம்மைப் பெற்ற நைனாவின் மூளைக்குக் காற்றடித்துவிட்டதாகச் சொல்லித் திரிகிறாயாம். இதய வால்வை மாற்றியபோது உள்ளே தங்கிய காற்றுக் குமிழி ரத்தத்தோடு மூளைக்குப் போய் அடைத்துக்கொண்டது. அபூர்வமாக இப்படி நேரலாம் என்று டாக்டர் முன்பே சொன்னார். நீ போனைப் பார்த்தபடி தலையாட்டினாய்.

வலது கை விழுந்து, பேச்சு குழறுகிறது. அதற்குள் ஏரியில் குடும்பங்கள் மாறி மாறி வலைபோடும் உரிமையில் அவருக்குள்ள முறையை உன் பெயருக்கு மாற்ற ஊர்க் கூட்டத்துக்கு ஆளனுப்பினாய். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஏசி அறையில் உட்காருபவனுக்கு ஏரி எதற்கு, குத்தகைக்கு விடவா?

கூட்டத்தில் பெயர் கூப்பிட்டால் முறைக்காரரே எழுந்து குரல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் முறை கைமாறிவிடும். நீ மறந்திருப்பாய். நேற்று நைனா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பெருசுக்கு வாயே வரல, இன்னாத்துக்கு இட்டாந்த?" என்றான் நீ அனுப்பிய லோகநாதன்.

நைனா எழுந்தார். எச்சில் வழிய, ஒவ்வொரு சொல்லாக இழுத்து, "நான் இன்னும் சாவலடா" என்றார். கூட்டம் சிரித்தது. முறை அவர் பெயரிலேயே நிற்கிறது.

அடுத்த வாரம் நம் முறை. வலை நான் போடுவேன், தோணி தள்ள ஆள் வேண்டும். நீ வராதே. உன் மனைவியை அனுப்பு, அவளுக்குத் தண்ணீரென்றால் பயமில்லை.

அக்கா