லேப்டாப்பை மூடியது நான்தான்

அன்பு மகன் கோஸ்கேவுக்கு, யொனாகோவிலிருந்து அம்மா எழுதுவது. உடம்பைப் பொறுத்தவரை நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம், குஷிரோ குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நான்கு நாளாகப் போன் செய்கிறேன், நீ எடுக்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும், அதனால்தான் விரைவுத் தபாலில் இந்தக் கடிதம். கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த மிருக வேட்டை வீடியோ கேமில் உன்னோடு கூட வந்த ‘வெள்ளைச் சட்டை’ உன் அப்பாதான். நீ விட்டுப்போன வீடியோ கேம் பெட்டியில் உன் பெயர் ‘நண்டு’ என்று இருந்ததைப் பார்த்து வைத்துக்கொண்டு உன்னைத் தேடிப் பிடித்திருக்கிறார். அந்தப் பழைய பெட்டிக்கு வைஃபை எடுக்காது என்று எலக்ட்ரிக் கடை ஒனொதா அக்காவிடம் போய் நின்றாராம், அவள் விடுவாளா, “இந்த வயசுல வேட்டைக்குக் கிளம்பிட்டா உங்க கடையில இஸ்திரி யாரு போடுறது?” என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொன்னாள். லேப்டாப் வைஃபையை வாங்கிக்கொள்ளும், அதிலிருந்து ஒரு வயர் இழுத்தால் பெட்டிக்கும் கிடைக்கும். வைஃபை நன்றாகக் கிடைப்பது கீழே உன் தாத்தா படம் வைத்துக் கும்பிடும் மாடத்து அறையில் என்பதால் லேப்டாப் அங்கே, வயர் மாடிப்படி வழியாக உன் அறைக்கு, நான் இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தேன். லேப்டாப்பில் இந்த இணைப்பை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்ற கட்டத்தில் டிக் போடாமலே நாலு நாள் மல்லுக்கட்டிவிட்டு என்னைத் திட்டினார்.

இந்த மாதம் தாத்தாவின் திதி ஞாயிற்றுக்கிழமையில் வந்து தொலைந்தது. பத்து மணிக்குப் பிக்கு ஓத வருகிறார், மாடத்துக்கு முன்னால் ஒரு மிஷின் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தால் நன்றாகவா இருக்கும் என்று நான் அதை மூடி, மேலே பட்டுத் துணி விரித்து, பழத்தட்டையும் அதன்மேலேயே வைத்துவிட்டேன். மூடினால் அது தூங்கிவிடும், மாடியில் இருக்கும் பெட்டிக்கும் இணைப்பு போய்விடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அப்பா இறங்கி வந்தபோது ஓதுதல் ஆரம்பித்துவிட்டது, வாய் திறக்க முடியாமல் பிக்குவுக்குப் பின்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். பிக்கு டீ குடித்துவிட்டுப் போனபிறகு பழத்தட்டை நகர்த்திப் பார்த்து, “மூடிட்டியா” என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நெருப்பு கக்கும் மிருகம் வந்ததும் ஞாபகமில்லாமல் “சூடு, கையை எடு” என்று உனக்கு டைப் அடித்துவிட்டாராம், சின்ன வயதில் நீ இஸ்திரி மேசை பக்கம் வரும்போதெல்லாம் சொல்வாரே, அதையேதான். நீ அப்படியே நின்று “அப்பாவா?” என்று கேட்டாயாம். அந்த நிமிடத்தில்தான் நான் மூடியிருக்கிறேன். உனக்கு என்ன தெரிந்திருக்கும், கேட்டதும் ஆள் ஓடிவிட்டார் என்றுதானே? நம் இஸ்திரிக் கடையை எடுத்து நடத்த மாட்டேன் என்று நீ கிளம்பிப் போன பிறகு இரண்டு தடவை உன் போனைப் பாதியில் வைத்தது அவர்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. மூன்றாவது தடவை அறுத்தது நானடா. சாயங்காலம் அவர் போய்ப் பார்த்தபோது கேமில் அவர் நண்பர் பட்டியலில் உன் பெயரே இல்லை. “விடு, அவன் முடிவு பண்ணிட்டான்” என்கிறார். இன்னும் ஒரே ஒரு ஞாயிறு பார்ப்பாராம், அப்புறம் வயரைச் சுருட்டிவிடுவாராம். சொன்னால் செய்கிற மனுஷன், உனக்கே தெரியும்.

எனக்குப் பயமாக இருக்கிறது கோஸ்கே. அவரை மறுபடி பட்டியலில் சேர்த்துக்கொண்டு வருகிற ஞாயிறு பத்து மணிக்கு அந்த வேட்டைக்கு வா. லேப்டாப் பக்கத்தில் நானே உட்கார்ந்திருப்பேன், யார் வந்தாலும் மூட விட மாட்டேன். கேட்டதற்கு என்ன பதில் அடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று நேற்று அவரைக் குடைந்தேன். “முதல்ல இல்லைன்னு அடிச்சேன். அதை அழிச்சுட்டு ஆமான்னு அடிச்சேன். அனுப்பறதுக்குள்ள போயிடுச்சு” என்றார்.

கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே, காய்ந்த கணவாய் தனியாக அனுப்பியிருக்கிறேன். நீ எந்த ஊரில் என்ன வேலை செய்தாலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். நான் எழுதியது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அதே கேள்வியை மறுபடியும் கேள், பதிலை இப்போதுதான் முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்.

உன் அம்மா,
சுமியே