வேலியில் முட்டி நிற்கும் சைக்கிள் பாதை

ஸங்க்ட் மாக்னுஸ், தெற்கு டிரோல்
செப்டம்பர் கடைசி வாரம்

அன்பு மகன் வெண்டலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் நலம், அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மாடுகளையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம், நலமா என்று யார் கேட்டாலும் உன் அப்பா மாடுகளைப் பற்றித்தான் பதில் சொல்கிறார். அவருக்கு இடது முழங்கால் படி இறங்கும்போது வலிக்கிறது, ஏறும்போது வலிக்கவில்லை, ஆகவே டாக்டரிடம் போகத் தேவையில்லை என்று அவரே தீர்மானித்துவிட்டார். கோழிகள் முட்டையிடுவதைக் குறைத்துவிட்டன. நீ இருக்கும் நியூசிலாந்தில் இப்போது வசந்தம் என்கிறார்கள், அங்கே எல்லாமே தலைகீழ்தான் போலிருக்கிறது. நான் உட்கார்ந்து எழுதுவது இந்தக் கதைகளைச் சொல்ல மட்டும் இல்லை. உன்னிடமிருந்து ஒரு பதில் வேண்டும். போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அப்பா எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவார், அதனால்தான் காகிதத்தில் கேட்கிறேன்.

விஷயம் சைக்கிள் பாதைதான். கணவாயிலிருந்து கீழ்ப் பட்டணம் வரை ஒரு காரைக்கூடப் பார்க்காமல் சைக்கிளில் போகலாம் என்று சுற்றுலா அலுவலகம் ஒரு வரைபடம் அச்சடித்திருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது. மேலிருந்து வருகிற பாதை ஆற்றங்கரையோடு ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவில் வழவழவென்று வந்து நம் பெரிய புல்வெளியின் மேல்வேலியில் முட்டி நிற்கிறது, கீழிருந்து வருகிற பாதை கீழ்வேலியில் முட்டி நிற்கிறது, நடுவில் நம் புல். வரைபடத்தில் மட்டும் கோடு நிற்காமல் போகிறது. அச்சுக்குப் போவதற்குள் அப்பாவைச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று உன் ஞானத்தகப்பன் காஸியன் நினைத்திருக்கிறார். மேயராகிவிட்டார் அல்லவா, அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர் வேறு, அதனால் தன்னால் முடியும் என்று நம்பினார். ஒரே வகுப்பில் படித்ததால்தான் முடியவில்லை என்று நான் நினைக்கிறேன். கோடை முழுக்க ஆட்கள் வந்தார்கள், வேலியைப் பார்த்தார்கள், வரைபடத்தைப் பார்த்தார்கள், பிறகு புல் வாரிக்கொண்டிருக்கும் அப்பாவைப் பார்த்தார்கள். ஒரு ஹாலந்துக்காரர் போனை நீட்டி, பாதை இதில் இருக்கிறதே என்று காட்டினார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்து, "இதுல என் மாடு இருக்கா பாருங்க. இல்லல்ல? அப்ப இது வேற ஊரு, நீங்க ரோட்டுல போங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி வாரத் தொடங்கினார். நான் பாவம் பார்த்து மோர் கொடுத்து அனுப்பினேன். இப்போது மோருக்காகவே சிலர் வந்து முட்டிக்கொள்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அவர் தரமாட்டேன் என்பதை ஊரெல்லாம் பிடிவாதம் என்கிறது, காரணம் நம் வீட்டுக்கு மட்டும் தெரியும். காஸியன் நம் அடுக்களையில் உட்கார்ந்து, "டேய் ஆல்பின், ரெண்டு ஆள் அகலம்டா நான் கேக்குறது, உன் புல்வெளியையே தூக்கிட்டுப் போற மாதிரி பாக்குறியே" என்று கத்தியபோது அப்பா, "என்கிட்ட ஏன் கேக்குற, அது என்னுதா? வெண்டலோடது. எங்கப்பா எனக்கு முழுசாக் குடுத்தாரு, நான் அவனுக்கு முழுசாக் குடுக்கணும்" என்றார். பண்ணையைத் துண்டு போடாமல் ஒரு பிள்ளைக்கு அப்படியே கைமாற்றுவது இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் செய்வதுதான், அதற்கு எதிராகக் காஸியனால் வாய் திறக்க முடியாது, அவரும் அப்படி வாங்கியவர்தான். ஆனாலும் கதவருகே போய்த் திரும்பி நின்று, "அந்த வெண்டல் எங்கடா?" என்று கேட்டுவிட்டார். அப்பா, "வேலையா இருக்கான்" என்றார். காஸியன் வைன் கோப்பையை முடிக்காமலே போனார், அவர் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

ஆகஸ்டில் நடந்ததை உன்னிடம் போனில் சொல்லவில்லை, அப்பா சொல்ல வேண்டாம் என்றார். ஒரு ஜெர்மன்காரப் பெண், சைக்கிளுக்குப் பின்னால் தொட்டில் வண்டி கட்டி அதில் தன் குட்டிப் பெண்ணை வைத்து ஓட்டிக்கொண்டு வந்தாள். நம் வேலியில் முட்டியதும் மற்றவர்களைப் போல ரோட்டுக்கு ஏறியிருக்கிறாள். மாதா கோவில் சுவருக்கும் பாறைக்கும் நடுவில் ரோடு குறுகுகிற இடம் உனக்குத் தெரியும், அங்கே எதிரே மரம் ஏற்றிய லாரி. ஓரம் ஒதுங்கப் போய்ச் சுவரில் மோதி விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது, தொட்டில் வண்டி தகரம் மாதிரி நசுங்கிவிட்டது. குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை, எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. சத்தம் கேட்டு முதலில் ஓடியது அப்பாதான், அந்த முழங்காலோடு. ஆம்புலன்ஸ் தாயை ஏற்றும்வரை அந்தக் குழந்தை நம் மேசையில் உட்கார்ந்து நான் சுட்ட ஆப்பிள் ஸ்ட்ரூடல் பலகாரம் சாப்பிட்டது, அப்பா எதிரே உட்கார்ந்து ஆறவைத்து ஆறவைத்துக் கொடுத்தார்.

போன சனிக்கிழமை மாடுகள் மலை மேய்ச்சலிலிருந்து இறங்கின. மாடோ வீட்டு ஆளோ செத்த வருஷத்தில்தான் மாடுகள் கிரீடமில்லாமல் இறங்கும்; இந்த வருஷம் ஒரு மாடும் சாகவில்லை, நம் வீட்டிலும் சாவில்லை, ஆகவே தாராளமாகக் கிரீடம் வைத்துக் கூட்டிவரலாம். நான் தேவதாருக் கிளை வளைத்துக் காகிதப்பூ கட்டி, நடுவில் கண்ணாடி பதித்து, முன்மாடு ட்ரௌடிக்கு மட்டும் சிவப்பு ரிப்பன் வைத்து எல்லாம் தயார் செய்து மேலே அனுப்பினேன். உன் அப்பா கிரீடங்களை மேய்ச்சல் குடிசையிலேயே விட்டுவிட்டு மாடுகளை மொட்டைத் தலையோடு ஓட்டிக்கொண்டு வந்தார். பெரிய மணியும் கட்டவில்லை. ஊர் நுழைவில் கொண்டாட நின்றவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டார்கள், ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள், பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதுவதா வேண்டாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிரியார் என்னிடம் ஓடிவந்து யாருக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டார். நான் உயிரோடுதான் நின்றுகொண்டிருந்தேன், இருந்தாலும் வீட்டு ஆட்களை ஒருதடவை எண்ணிப்பார்த்துக்கொண்டேன். காஸியன் அப்பாவிடம் போய் மெதுவாக, "ஆல்பின், யாருடா செத்தது?" என்று கேட்டார். அப்பா, "இன்னும் யாரும் சாகல. அந்தச் சுவத்துக்கிட்ட ஒரு பச்சக்கொழந்த செத்திருக்கும், நான் கணக்குல வச்சுக்கிட்டேன்" என்றார். காஸியன் ஒதுங்கி மாடுகளுக்கு வழி விட்டார்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. மாடுகளை ரோட்டில் விடாமல் சைக்கிள் பாதையில் ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் சுற்றுப்பயணம் வந்த ஒரு கூட்டம், மூட்டை கட்டிய சைக்கிள்களோடு, மாடுகளைத் தாண்ட முடியாமல் காலால் உந்தி உந்தி வந்தது. மணியடித்தால் மாடு வழி விடும் என்று ஒருவர் கிட்டே வந்து அடித்துப் பார்த்தார், கடைசியாகப் போன மாடு வாலைத் தூக்கித் தன் கடமையைச் செய்தது, அவர் சட்டையைத் துவைத்துக் கொடுத்தது நான்தான். மேல்வேலிக்கு வந்ததும் அப்பா கேட்டைத் திறந்தார், மாடுகள் நுழைந்தன, சைக்கிள்காரர்கள் நின்றுவிட்டார்கள். அப்பா அவர்களைப் பார்த்து, "என்ன நிக்கிறீங்க, உங்களுக்கு வேற தனியா வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடணுமா?" என்றார். அத்தனை பேரும் இறங்கித் தள்ளிக்கொண்டு புல்வெளி வழியாகக் கீழ்வேலிக்குப் போனார்கள். புல் நசுங்கி ஒரு கோடு விழுந்தது. அப்பா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே வந்திருந்த ஊர் கைதட்டியது, அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து இரண்டு கேட்டும் திறந்துதான் கிடக்கின்றன. ஆனால் பனிக்காலத்துக்குள் தாரும் போட்டுப் பாதையை முறையாக்கிவிடலாம் என்று காஸியன் கேட்டபோது மறுபடி பழைய பாட்டுத்தான், வெண்டல் சொல்லட்டும். உன்னிடம் கேட்கவும் மாட்டேன் என்கிறார். "கேட்டா அவனுக்குக் கஷ்டமா இருக்கும், விடு" என்கிறார். காலையில் எழுந்ததும் மேல் கேட்டுக்குப் போய்க் கொண்டியில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார், மூடவும் இல்லை, விடவும் இல்லை, திரும்பி வந்து காப்பி குடிக்கிறார்.

வெண்டல், உன் பதில் என்னவென்று எனக்குத் தெரியும். நீ அங்கே உன் வீட்டுக்குப் பின்னால் ஆப்பிள் கன்று நட்டுப் போட்டோ அனுப்பினாயே, அது காய்க்க எத்தனை வருஷமாகும் என்று உன் அப்பாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஒட்டு போட்ட இடம் மண்ணுக்குள் போயிருக்கிறது, மேலே தெரிய வேண்டும், அவனிடம் சொல் என்று மட்டும் சொன்னார். ஆகவே அவருக்கும் தெரியும். நீ கடைசியாக வந்தபோது மறுநாள் காலையிலேயே உன்னை வேலியோரம் கூட்டிப்போய்க் கம்பம் கம்பமாகக் காட்டினார், அதற்குப் பிறகு நீ வரவே இல்லை. விடுமுறை இல்லை என்றாய், அப்புறம் வேறென்னவோ சொன்னாய், நானும் சரி சரி என்றேன். எங்களுக்கு ஏமாற்றம் தந்துவிடுவோமோ என்று பயந்து எங்களைப் பார்க்காமலே இருக்கிறாய். எனக்கு உன்மேல் கோபம் இல்லை, ஏக்கம்தான் இருக்கிறது, அது கோபத்தைவிடத் தொந்தரவு. பண்ணைக்கு யார் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எனக்கு என் மேசையில் நீ உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

மாதாவும் புனித மாக்னுஸும் உன்னைக் காக்கட்டும், கையும் காலும் சுகமாக இருக்கட்டும், செய்கிற வேலை நிலைக்கட்டும். குளிரில் தலை ஈரத்தோடு வெளியே போகாதே. பதிலை மறக்காமல் அப்பா பெயருக்கு எழுது, என் பெயருக்கு வேண்டாம், அவரே பிரிக்கட்டும். சுற்றி வளைக்காமல் எழுது. பண்ணைக்கு நான் வரமாட்டேன் என்று எழுதிப் போட்டுவிட்டு, அப்புறம் வா.

உன் வரவு பார்த்திருக்கும் அம்மா,
நோட்புர்கா