மணி ஓயும் வேகம்

ஐப்பசி 4, திங்கள். வாசலூர்பட்டி

காலையிலிருந்து தூறல். ஏடு பிரிக்கும் மெஷினைச் சுமந்து வந்த வீரன் கீழே இறங்கிவிட்டான். சனிக்கிழமை வெண்ணெய் எடுத்துப்போக வருவான். மெஷினுக்கு ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் கால் முழுக்க அட்டைக்கடி.

தங்கல் ஆண்டிக் கவுண்டர் வீட்டுக் கொட்டகை ஓரம். (இனி ஆ.க. என்றே எழுதுவேன். அவர் மனைவி செல்லாயி, செ.) மாட்டு வாடை பழகிவிட்டது. புகை பழகவில்லை.

நான் கிளம்பும்போது அத்தா சொன்னது: "பெங்களூர் போய்ப் பால் படிச்சியே, அந்த மலையிலிருந்து ஒரு பானை நல்ல வெண்ணெய் வரட்டும். அப்புறம் மெஷின் வேலையே பாரு. வரலேன்னா நெய்க்கடையில வந்து உக்காரு." நெய்க்கடையில் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் உட்கார வேண்டியதுதான். அண்ணன் உட்கார்ந்திருக்கிறான், பார்க்கிறேனே.

தண்ணீர் ஊற்றிச் சுற்றிக் காட்டினேன். ஊரே கூடியது. வழக்கம்போல் விளக்கம்: பாலை மேலே ஊற்றணும், சுத்தணும், ஒரு மூக்கில் ஏடு வரும், இன்னொன்றில் ஏடு நீக்கிய பால். ஏட்டைக் கடைந்தால் வெண்ணெய். கைப்பிடியில் ஒரு மணி உண்டு. மெதுவாகச் சுற்றினால் அடிக்கும், சரியான வேகம் வந்தால் ஓய்ந்துவிடும். "மணியைக் கவனிச்சுச் சுத்துங்க" என்றேன். மணியைப் பார்த்ததும் எல்லார் முகத்திலும் ஒரு தெளிச்சி. ஆ.க. உடனே, "நாளைக்கு ஊர்ப் பாலெல்லாம் இங்கயே வருமுங்க" என்றார். இவ்வளவு சுலபமா?

ஐப்பசி 5, செவ்வாய்

சுலபம் இல்லை.

விடியக் கறந்த பால், சூடு ஆறாமல், ஏழெட்டு வீட்டுச் சொம்புகளில். செ. சுற்றினாள். ஏடு வர வேண்டிய மூக்கில் வந்தது ஏடு இல்லை, பாலேதான். மெஷினுக்குள் இருக்கும் தட்டுகளைக் கழற்றினேன், கழுவினேன், மாட்டினேன். மறுபடியும் பால்.

காரணங்கள்: தட்டு வரிசை மாறியதா? (இல்லை.) மேசை சாய்வா? (கல் வைத்துச் சரி செய்தாயிற்று.) மலை மாட்டுப் பாலே அப்படியா? (தயிரில் ஏடு விரல் தடிமன். அப்படி இல்லை.)

வேகம் போதவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஏன்? பலா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சோளக்காட்டுச் சந்தைக்கு ஏறி இறங்குகிறவர்கள், இந்தக் கைப்பிடியா முடியாது? உற்றுப் பார்த்தேன். வேகம் கூடுகிறது, மணி ஓயப்போகிறது, அந்த இடத்தில் கை தளர்கிறது. செ., அவள் நாத்தனார், ஆ.க., மூன்று பேருக்கும் அதே இடத்தில். வேடிக்கையாக இருக்கிறது. கவலையாகவும்.

சவரக்கத்தி காணோம்.

ஐப்பசி 6, புதன்

இன்று நானே சுற்றினேன். மணி ஓய்ந்தது. மெஷின் ரீங்காரம் கேட்கவே சுகம். நிமிர்ந்து பார்த்தால் ஆ.க. பால் ஊற்றுவதை நிறுத்தி, பானையை எடுத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏனுங்க?"

"போதுமுங்க ராவுத்தரே."

"இன்னும் பால் இருக்கே."

"ஆகாதுங்க."

அதற்கு மேல் பிடி கொடுக்கவில்லை. செ. உள்ளே போய்விட்டாள். கோபமில்லை, சோறு போட்டார்கள், சாமைச் சோறும் அவரைக் குழம்பும். ஆனால் சொல்லமாட்டார்கள். என் கை பட்டதாலா என்று ஒரு நினைப்பு. இல்லை, அதே கையிலிருந்து மோர் வாங்கிக் குடிக்கிறார்களே. தலையைப் பிய்த்துக்கொள்கிறேன். கடைசியில் நெய்க்கடைதான் போல.

ஐப்பசி 8, வெள்ளி

ஜும்மாவுக்கு வழியில்லை. கொட்டகை ஓரமே தொழுதேன். அவர்கள் கோயிலில் பூசை, ஆ.க. வற்புறுத்தினார், தள்ளி மரத்தடியில் நின்று பார்த்தேன்.

பால் அபிஷேகம். பூசாரி ஊற்றுகிறார், ஒருவர் மணி அடிக்கிறார். அவருக்குக் கை ஓய்ந்தது. நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்றவர் மணியோடு அவர் கையைப் பிடித்து, அடித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். பால் தீர்ந்த பிறகுதான் மணி நின்றது.

மெஷின் மணி ஓயும் இடத்தில் தளர்ந்த கைகள் நினைவுக்கு வந்தன.

திரும்பும்போது செ.யிடம் நேராகவே கேட்டேன்: "மணி ஓயக்கூடாதுன்னுதான் கையைத் தளர்த்தினீங்களா?"

"ஆமாங்க. பால் ஓடறப்போ மணி நிக்கக்கூடாதுங்க. நின்னா மடி வத்திரும்."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா? மெஷின்லயே மணி வெச்சிருக்குதே. செஞ்சவங்களுக்கும் தெரிஞ்சிருக்குதுன்னு நெனச்சமுங்க. அதனாலதான் பாலே குடுத்தோம்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். "மணியைக் கவனிச்சுச் சுத்துங்க" என்றவன் நான். என்னைவிட நன்றாகக் கவனித்திருக்கிறார்கள்.

பிறகு கேட்டேன்: "மெஷின் மணி ஓயட்டும். பக்கத்துல வேற மணி அடிச்சா ஆகுங்களா?"

ஆ.க.வும் செ.யும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் போய்ப் பேசினார்கள். நான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நகம் கடித்தேன்.

"ஆகுமுங்க."

ஐப்பசி 9, சனி

மழை விட்டது. செ. சுற்ற, நாத்தனார் ஊற்ற, ஆ.க. சம்மணம் போட்டு மாட்டுக் கழுத்து மணியை ஆட்ட, ஏடு வந்தது. மஞ்சள் ஏடு, கெட்டியாக, நிதானமாக. பெங்களூரில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

புதுச் சிக்கல்: ஆ.க. அடிக்கிற அடியில் மெஷின் மணி ஓய்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. செ.க்குக் கவலையே இல்லை. "கையிலயே தெரியுதுங்க, பிடி லேசாயிருது." அதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஏடு நீக்கிய பால் அவரவர் வீட்டுக்கே திரும்பிப் போயிற்று, மோருக்கு. யாருக்கும் புகார் இல்லை. ஒரு குழந்தை மட்டும் குடித்துவிட்டுத் துப்பியது.

மாலை கடைந்தோம். வெண்ணெய் ஒரு பானை, வாழையிலை போட்டு மூடி. வீரன் வந்து எடுத்துப் போனான். சந்தோஷம். வேறென்ன எழுத.

ஐப்பசி 12, செவ்வாய்

மூடுபனி. பக்கத்திலிருக்கும் கொட்டகை தெரியவில்லை.

காலையில் நான் எழுவதற்குள் எல்லாம் முடித்துவிட்டார்கள். தட்டுகள்கூடக் கழுவி, வரிசை மாறாமல், வெயில் வருமென்று கவிழ்த்து வைத்திருந்தார்கள். செ.யிடம் சும்மா கேட்டேன், "நான் போயிட்டா ஓட்டிக்குவீங்களா?"

"நீங்க எதுக்குங்க இருக்கோணும்?"

கள்ளமில்லாமல் கேட்டாள். சுருக்கென்றது.

மத்தியானம் வீரன் ஏறி வந்தான். அத்தா சொல்லி அனுப்பியது: "வெண்ணெய் வெகு நேர்த்தி. மெஷினை அந்தம்மாகிட்டயே விட்டுட்டு இறங்கி வா. அங்க உனக்கு என்ன வேலை? கடையில ஆள் போதலை."

இரண்டு பேர், ஒரே கேள்வி. ஒரு பானை வந்தால் மெஷின் வேலையே பார் என்றவர்தான் அத்தா. மெஷின் ஜெயித்தது, நான் தேவையில்லாமல் போனேன். அழுகைகூட வந்தது, உண்மையைச் சொன்னால்.

வெளியே யாரோ ஒருத்தர் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரக்கரை நாட்டுக்காரர் (இந்த மலையில் சில ஊர் சேர்ந்தால் ஒரு நாடு), பெண் கொடுத்த வீட்டுக்கு வந்தவராம். என்னைப் பார்த்ததும், "ஏனுங்க, எங்க நாட்டுப் பக்கம் பூசையில மணி இல்லீங்க, கொம்புதான் ஊதுவோம். அதுக்கு இது ஓடுமுங்களா?"

தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியாது. போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

வீரனிடம் சொன்னேன்: "இறங்கலைன்னு சொல்லு. இன்னொரு மெஷின் அனுப்பச் சொல்லு."

"அப்படியே சொல்லட்டுங்களா?"

"அப்படியே."

பனிக்குள் போய்விட்டான். திரும்பக் கூப்பிட்டாலும் இனி கேட்காது.