பத்து ரோட்டுத் தையல்காரி

1934 மார்ச் 7, புதன்

அக்கா கையை உயர்த்திக் கரும்பலகையின் மேல்வரிசையில் எழுதினாள். ரவிக்கை கொஞ்சமும் மேலே ஏறவில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு வகுப்பு வாசலில் நின்ற நான் முதலில் கவனித்தது அதைத்தான். அவளுடைய எல்லா ரவிக்கைகளிலும், கை தூக்கினால் இழுக்காமலிருக்க, கக்கத்தில் முக்கோணத் துண்டு வைத்துத் தைப்பவள் நான்.

மணி அடித்ததும் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்தார்.

"ரவிக்கை எவ்ளோ எடுப்பா இருக்கு! கைய தூக்குனாலும் இழுக்கல. யாரு தச்சது?"

"பத்து ரோட்டுக் கடைத்தெருவுல ஒரு சீனத் தையக்காரி. துரைசானிங்களுக்கெல்லாம் தைக்கிறவ," என்றாள் அக்கா.

"இந்தப் பொண்ணு?"

"என் தங்கச்சி. வீட்டுல சும்மாதான் இருக்கா."

சும்மாவா? அவள் டீச்சர் டிரெயினிங் போகத்தான் என்னை நாலாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அவள் புடவைக்குக் கஞ்சி போடுவது யார்? தூக்கை மேசையில் வைத்தேன். பிரிக்பீல்ட்ஸில் இருந்த எங்கள் வீடு வரை பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தேன்.

சாயங்காலம் கேட்டேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னே?"

"வீட்டுல தச்சதுன்னா அவங்க மதிப்பாங்களாடி? இதுக்குப் போய் மூஞ்சிய தூக்கிக்கிட்டு! நாளைக்கு ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டர் வராரு. அந்தப் பச்ச ரவிக்கைய இஸ்திரி போட்டு வை."

அவள் தூங்கியதும் பச்சை ரவிக்கையை எடுத்தேன். இரண்டு கக்கத்திலும் முக்கோணத் துண்டைப் பிரித்து எடுத்தேன். திறந்த இடத்தை நேராக இழுத்துத் தைத்து மூடினேன். பிறகு சுருக்கமே இல்லாமல் இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினேன்.