மச்சானுக்கு ஒரு பக்கம்

வியாழன், இரவு.

தங்கையின் கணவர் பேராசிரியர், பாடப்புத்தகம் எழுதியவர். இணையக் கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றிய பக்கம் இருக்கலாமா என்று முடிவெடுப்பவர்களில் என் மகளும் ஒருத்தி. இன்று தங்கையும் அவரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

"எல்லா ஸ்கூல்லயும் என் புத்தகம்தான்," என்றார்.

"சரி மாமா, உங்களப் பத்தி வேற யாரு எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள் மகள்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"நான் எழுதித் தாறேன் மச்சான்."

"அஞ்சாம் வகுப்போட நின்ன நீங்க எழுதினா யாரு வாசிப்பாங்க?" தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளினார். "இவ என் பக்கத்த நீக்கச் சொன்னா, உங்க தங்கச்சி இனி இந்த வாசல் மிதிக்க மாட்டா."

மகள் என்னைப் பார்த்தாள்.

"நீக்கச் சொல்லு புள்ள," என்றேன். கடுப்பில்தான் சொன்னேன். அவர்மேல் இன்னும் இரக்கம் வரவில்லை.

போகும்போது தங்கை செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான்; வழக்கம்போலச் சிரித்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை.